வேதிப் பொறியியல் படிக்க ஒரு கணக்கு நோட்டு

1998இல் ப்ளஸ் டூ வேதியியலில் 200க்கு 193 வாங்கினேன். கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி, தமிழ் வழி. அந்த 193ஐ நம்பித்தான் கெமிக்கல் என்ஜினியரிங் எடுத்தேன். இரண்டாம் ஆண்டின் முதல் உள்தேர்வில் 50க்கு 11. விடைத்தாளின் ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "ஆவி எங்கே?"

பேய்க்கதைத் தலைப்பு போல இருந்தாலும் கேள்வி நியாயமானது. ஒரு கரைசலைக் காய்ச்சிச் சுண்ட வைக்கும் கணக்கு அது. உள்ளே 100 கிலோ போகிறது என்று எழுதியிருந்தேன். வெளியே 20 கிலோ வருகிறது என்றும் எழுதியிருந்தேன். நடுவில் காணாமல் போன 80 கிலோவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வினைச் சமன்பாடுகளை மூச்சு விடாமல் ஒப்பிக்கத் தெரிந்தவளுக்கு, அத்தனை தண்ணீர் காற்றோடு போனது கண்ணில் படவில்லை.

இப்போது என் தங்கை மகள் அதே படிப்பில் இரண்டாம் ஆண்டு. அவளுக்கும் அவளுடைய விடுதித் தோழிகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கி, கெமிக்கலில் சேர்ந்து, முதல் அடி வாங்கியவர்களுக்கு இது உதவும்.

முதல் வேலையாக நீளமான நோட்டு ஒன்று வாங்குங்கள். மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த வகை. எந்தக் கணக்கு வந்தாலும் சூத்திரத்தைத் தேடாமல் ஒரு பெட்டி வரையுங்கள். பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு, வெளியேறும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு. அம்பின் மேல் எடை. அம்புக்கு அடியில் அதில் என்னென்ன எத்தனை விழுக்காடு. தெரியாத இடத்தில் கேள்விக்குறி. பிறகு ஒரே வரி: வந்ததோடு உள்ளே உண்டானதைக் கூட்டி, போனதையும் உள்ளே தீர்ந்ததையும் கழித்தால் மிச்சம் இருப்பு. இந்த வரியில் எடையைப் போட்டால் ஒரு பாடம். வெப்பத்தைப் போட்டால் இன்னொரு பாடம். பாயும் திரவத்தின் உந்தத்தைப் போட்டால் மூன்றாவது பாடம். நான்கு ஆண்டுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரி போடும் வேடங்கள்தான்.

தமிழ் வழியில் வந்தவர்கள் தடுக்கி விழும் ஓர் இடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிப் புத்தகத்தில் 'சமநிலை' என்றால் முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலை. கல்லூரிக்கு வந்தால் நிறைச் சமநிலை, ஆற்றல் சமநிலை என்கிறார்கள். அது வெறும் வரவு செலவுச் சரிபார்ப்பு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து இரண்டு மாதம் குழம்பியிருக்கிறேன். வினை நடந்தாலும் நடக்காவிட்டாலும், சமநிலைக்கு வந்தாலும் வராவிட்டாலும் வரவு செலவு ஒத்துப்போக வேண்டும். அதனால் நான் இன்றுவரை மனத்துக்குள் 'வரவு செலவு' என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த 11 மதிப்பெண்ணோடு விடுமுறைக்கு அப்புச்சி ஊருக்குப் போனேன். அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம். அவருக்குச் சொந்தமாகக் கரும்பாலை இருந்தது. கரும்பு பிழிய ஓர் எந்திரம், பெரிய இரும்புக் கொப்பரை, அதற்குக் கீழே தரையில் தோண்டிய அடுப்பு, பின்னால் ஒரு புகைபோக்கி, அவ்வளவுதான் தொழிற்சாலை.

"ஒரு டன் கரும்புக்கு எவ்வளவு வெல்லம் அப்புச்சி?"

"நூறு, நூற்றைந்து கிலோ நிற்கும் கண்ணு."

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெட்டி வரைந்தேன். 1000 கிலோ கரும்பு உள்ளே. பிழிந்தால் ஏறக்குறைய 600 கிலோ சாறு, 400 கிலோ சக்கை. சாற்றில் நூற்றுக்கு 18 பங்கு கரைந்த திடப்பொருள் என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் 108 கிலோ திடம். வெல்லத்தில் 90 விழுக்காடு திடம், மிச்சம் ஈரம். சர்க்கரை ஆவியாகாது, சாற்றில் உள்ளே போன 108 கிலோவும் வெல்லத்தில் வெளியே வந்தாக வேண்டும். 108ஐ 0.9ஆல் வகுத்தால் 120 கிலோ வெல்லம். 600இல் 120 போக மீதி 480 கிலோ தண்ணீர் ஆவி. பேராசிரியர் கேட்ட ஆவி அதோ, கொப்பரைக்கு மேல் புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் முதல் பாடத்தில் பாதி முடிந்தது. உள்ளே நுழைந்து, மாறாமல், ஒரே வழியாக வெளியேறும் பொருள் எது என்று முதலில் தேடுங்கள். இங்கே அது திடப்பொருள். எரியும் அடுப்பின் கணக்கில் காற்றிலுள்ள நைட்ரஜன். நெல் உலர்த்தும் கணக்கில் ஈரம் நீங்கிய நெல். அந்தப் பொருளைப் பிடித்தால் மற்றவை தாமாக வரிசையில் வந்து நிற்கும்.

"120 கிலோ வர வேண்டுமே அப்புச்சி, உங்களுக்கு 105தான் வருகிறது" என்றேன், ஏதோ கண்டுபிடித்துவிட்டவள் போல. அவர் சிரித்தார். நுரையோடு அழுக்கை வழித்துக் கொட்டுகிறார்களே, அதில் கொஞ்சம். கொப்பரையிலும் அச்சிலும் ஒட்டிக்கொள்வது கொஞ்சம். "நேற்றிலிருந்து நீயும் உன் தங்கையும் சொம்பு சொம்பாகக் குடித்த சாறு எந்தக் கணக்கில் வரும்?" என்று கேட்டார். கணக்கு பொய் சொல்லவில்லை. என் பெட்டியில் மூன்று அம்புகள் குறைந்திருந்தன. தாளில் வந்த விடைக்கும் தரையில் நிற்கும் எடைக்கும் இடையே வரும் வித்தியாசத்தைத் துரத்திக்கொண்டு போவதற்குத்தான் பிற்பாடு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அதே தாளில் வெப்பத்துக்கும் வரவு செலவு போட்டேன். 600 கிலோ சாற்றை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக, கிலோவுக்கு டிகிரிக்கு 4 கிலோஜூல் வீதம் 1,68,000 கிலோஜூல். 480 கிலோ தண்ணீரை ஆவியாக்க, கிலோவுக்கு 2257 வீதம் சுமார் 10,83,000. இரண்டும் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம். சூடேற்ற ஆனதைவிட ஆவியாக்க ஆறு மடங்கு அதிகம் ஆகிறது பாருங்கள். இந்த விகிதத்தைக் கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு உள்ளுறை வெப்பம் என்ற சொல் பிறகு மறக்காது. எரிக்க இருப்பது சக்கை. 400 கிலோ ஈரச் சக்கையில் உலர்ந்த பொருள் சுமார் 200 கிலோ. கிலோவுக்கு ஏறக்குறைய 16,000 கிலோஜூல் என்றால் 32 லட்சம். தேவைப்படுவதைப் போல இரண்டரை மடங்கு! ஆனால் அப்புச்சி ஒவ்வோர் ஆண்டும் சக்கை போதாமல் தென்னை மட்டை விலைக்கு வாங்கினார். அப்படியானால் அடுப்பு கொடுத்த சூட்டில் நூற்றுக்கு நாற்பதுகூடக் கொப்பரைக்குள் போகவில்லை. மிச்சம் புகைபோக்கி வழியாகவும் மண்ணுக்குள்ளும் போனது. கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றால் முகம் ஏன் அப்படிக் காந்துகிறது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

வேதியியல் எங்கே என்று கேட்பீர்கள். அதே கொப்பரையில்தான். அப்புச்சி சாறு கொதிக்கும் முன் சுண்ணாம்பு கலப்பார். சாறு இயல்பிலேயே கொஞ்சம் அமிலம். அமிலத்தில் சூடு பட்டால் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். அவை மிகுந்தால் வெல்லம் இறுகாமல் பிசுபிசுக்கும். சுண்ணாம்பு அந்த அமிலத்தைக் கட்டிப்போடுகிறது. வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த வழுவழுப்பான நீரையும் ஊற்றுவார். மிதக்கும் நுண்துகள்கள் அதில் சிக்கித் திரண்டு நுரையோடு மேலே வரும். கூழ்மப் பாடத்தில் திரிதல் என்று படிக்கிறோம். வெட்டிய கரும்பை மறுநாளைக்கு வைக்க விடமாட்டார், ஏனென்றால் வைக்க வைக்க சுக்ரோஸ் உடைவது கூடிக்கொண்டே போகும், அது வினைவேகவியல். பாகு 118 டிகிரியைத் தாண்டும்போது தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பதம் பார்ப்பார். கரைசல் அடர்த்தியாக ஆகக் கொதிநிலை ஏறும் என்பது அதற்குள் இருக்கிறது. ப்ளஸ் டூவில் இந்த நான்கையும் நான்கு தனித்தனிப் பாடங்களாக மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஒரே கொப்பரையில் நான்கும் கொதிப்பதைப் பார்க்க 11 மதிப்பெண் வாங்க வேண்டியிருந்தது.

உங்கள் ஊரில் கரும்பாலை இல்லாவிட்டால் வேறு ஏதாவது இருக்கும். சாயப்பட்டறை, அரிசி ஆலை, பால் குளிரூட்டும் நிலையம், தண்ணீர் சுத்திகரிக்கும் கடை. ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருவமும் புதிதாகப் படிக்கும் பாடத்தை அதன்மேல் போட்டுப் பாருங்கள். பாய்ம இயக்கவியல் படிக்கும் பருவத்தில் அங்கே ஓடும் பம்ப்பின் குதிரைத்திறன் ஏன் அவ்வளவு என்று கேளுங்கள். வெப்பப் பரிமாற்றம் வரும்போது குழாய்மேல் ஏன் பஞ்சு சுற்றியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது அலகு. இதைப் பற்றி நீளமாகத் திட்ட எனக்கு ஆசை, சுருக்கிக்கொள்கிறேன். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. எரிபொருளின் அடர்த்தி லிட்டருக்கு 0.8 கிலோ என்று போட வேண்டிய இடத்தில், லிட்டருக்கு 1.77 பவுண்டு என்ற பழைய எண்ணைப் போட்டிருந்தார்கள். தேவையில் பாதிகூட நிரப்பவில்லை. எஞ்சின் இல்லாமலே மிதந்து வந்து கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறக்கினார் விமானி. அவ்வளவு திறமை நம்மிடம் கிடையாது. அதனால் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதுங்கள், எண்ணைப் பெருக்கும்போது அலகையும் சேர்த்துப் பெருக்கி அடியுங்கள். கடைசியில் கிலோ வர வேண்டிய இடத்தில் கிலோவின் வர்க்கம் வந்தால் விடையைப் பார்க்கவே வேண்டாம், தப்பு.

வாயு மாறிலி 8.314 என்றும் வரும், 0.0821 என்றும் வரும், 1.987 என்றும் வரும். ஒரே ஆள், மூன்று சட்டை. எந்தச் சட்டைக்கு எந்த அலகு என்று தெரியாமல் எடுத்துப் போடுவதுதான் முதல் ஆண்டின் தேசியப் பழக்கம். அதற்கு அடுத்தது, வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்ற மறப்பது. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: அழுத்தமானி காட்டும் எண் வளிமண்டலத்துக்கு மேலே எவ்வளவு என்பதுதான். சைக்கிள் டயரில் 2 வளிமண்டலம் காட்டினால் உள்ளே உண்மையில் இருப்பது 3. நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் 3ஐத்தான் போட வேண்டும். தங்கை மகள் போன மாதம் இதில்தான் மதிப்பெண் இழந்தாள். "காட்டுவதைத்தானே பெரியம்மா போட்டேன்" என்று என்னோடு சண்டை வேறு.

சில எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீர் கன மீட்டருக்கு 1000 கிலோ, காற்று சுமார் 1.2 கிலோ. தண்ணீரின் வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு டிகிரிக்கு 4.18 கிலோஜூல், ஆவியாதல் வெப்பம் கிலோவுக்கு 2257 கிலோஜூல். இவை கையிலிருந்தால் கால்குலேட்டர் காட்டும் அபத்தமான விடையை மோப்பத்திலேயே பிடிக்கலாம். மற்றதற்குப் புத்தகத்தின் பின்பக்க அட்டவணை இருக்கிறது. நீராவி அட்டவணையை அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். வீட்டு குக்கரின் விசில் எடை ஏறக்குறைய ஒரு வளிமண்டல மிகையழுத்தத்தைத் தாங்குகிறது. அப்படியானால் உள்ளே இரண்டு. அட்டவணையில் இரண்டுக்கு நேரே பார்த்தால் 120 டிகிரி. பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது என்று வெப்ப இயக்கவியல் புத்தகம் சொல்வதற்கு முன் அந்தத் தாள் சொல்லிவிடும்.

வேதியியலுக்கும் வேதிப் பொறியியலுக்கும் என்ன வித்தியாசம் என்று சேர்க்கைக்கு முன்பே பலர் கேட்கிறார்கள். நான் அமோனியாவைச் சொல்வேன். காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அமோனியா செய்யலாம் என்று 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் மேசைமேல் வைக்கும் கருவியில் செய்து காட்டினார். அதைத் தொழிற்சாலையாக்கும் வேலை கார்ல் போஷ் தலையில் விழுந்தது. ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தம், சிவக்கும் சூடு. எஃகுக் கலன்கள் வெடித்தன. ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து அதன் கார்பனோடு சேர்ந்து எஃகையே நொறுங்கச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். எஃகுக்கு உள்ளே கார்பன் குறைந்த மெல்லிரும்பால் ஓர் உறை செருகினார். அதையும் தாண்டிக் கசிகிற ஹைட்ரஜன் வெளியேற எஃகுச் சுவரில் சிறு துளைகள் போட்டார். ஹேபரின் ஆஸ்மியம் வினையூக்கி விலை கட்டாது, கிடைக்கவும் கிடைக்காது; போஷோடு வேலை செய்த ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கில் சோதித்து இரும்பில் வந்து நின்றார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடியது. ஹேபருக்கு 1918ஆம் ஆண்டின் நோபல், போஷுக்கு 1931இல். வினை நடக்குமா என்பது முதல்வரின் கேள்வி. நாள் முழுக்க, வெடிக்காமல், கட்டுப்படியாகும் விலையில் நடக்குமா என்பது இரண்டாமவரின் கேள்வி. உங்களுக்கு எந்தக் கேள்வியில் தூக்கம் கெடுகிறதோ அந்தப் படிப்பை எடுங்கள்.

அதே ஆலையில் மாணவர்களை வாட்டும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கலனுக்குள் ஒரு முறை போய்வந்தால் வாயுவில் சிறு பகுதிதான் அமோனியாவாகும். அமோனியாவைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு மீதியைத் திரும்பவும் உள்ளே அனுப்புகிறார்கள். அதில் ஒரு பகுதியை ஏன் வெளியே விட வேண்டும் என்று எல்லாரும் விழிப்பார்கள். காற்றோடு வந்த ஆர்கான் எதனுடனும் சேராது. வரவு உண்டு, செலவு இல்லை. இருப்பு ஏறிக்கொண்டே போகும். வீட்டு அண்டாவை அடி கழுவாமல் தினமும் மேலே தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தால் அடியில் வண்டல் சேர்வது போல. திறந்துவிடும் அந்தச் சிறு வழிதான் ஆர்கானுக்குச் செலவுக் கணக்கு. இந்த வகைக் கணக்குகளில் ஆலை முழுவதையும் சுற்றி முதலில் ஒரு பெரிய பெட்டி போடுங்கள். சுற்றிவரும் குழாய் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும், கேள்விக்குறிகள் பாதியாகக் குறையும். பிறகு சின்னப் பெட்டிகளுக்குள் இறங்கலாம்.

வேதியியலில் எதை எவ்வளவு படிப்பது? பொறியியல் மாணவர்களுக்கு இயற்பிய வேதியியல்தான் சோறு. அதில் கஞ்சத்தனம் கூடாது. வெப்ப இயக்கவியல், சமநிலை, வினைவேகம் மூன்றையும் கணக்கோடு படியுங்கள். கரிம வேதியியலில் வினைகளின் பெயர்ப் பட்டியலை ஒப்பிப்பதை விட்டு, எலக்ட்ரான் எங்கே மிகுதி, எங்கே பற்றாக்குறை, எந்தப் பக்கம் நகரும் என்று அம்பு போட்டுப் பழகினால் இருநூறு வினைகள் பதினைந்து வகைக்குள் அடங்கும். கனிம வேதியியலில் ஆலையில் நடக்கும் முறைகளை மட்டும் ஆழமாகப் பார்த்தால் போதும். பி.எஸ்சி. வேதியியல் மாணவர்கள் என் இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்க வேண்டாம்.

ஆய்வகத்தை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளும் கூட்டம் எப்போதும் உண்டு. நானும் அதில் இருந்தேன். முதல் ஆண்டு செய்முறைத் தேர்வில் பெர்மாங்கனேட்டும் ஆக்சாலிக் அமிலமும் தரம் பார்க்க வந்தது: பிப்பெட்டால் அளந்து குடுவையில் விட்ட அமிலத்தின்மேல், பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைத் துளித்துளியாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பது. பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலால் அலசினேன், சரி. பிப்பெட்டையும் அப்படியே, சரி. அந்தச் சுத்த உணர்ச்சி தலைக்கேறி, கூம்புக் குடுவையையும் ஆக்சாலிக் அமிலத்தால் அலசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 0.8 மில்லி கூடுதலாக வந்தது. காரணம் புரியாமல் மதிப்பெண்ணை விட்டேன். காரணம் அதே நோட்டில் இருக்கிறது: கூம்புக் குடுவைதான் பெட்டி. பிப்பெட் அளந்து விட்ட 20 மில்லி மட்டுமே வரவு. அலசியபோது ஒட்டிக்கொண்ட துளிகள் எழுதாத வரவு. தண்ணீர் ஒட்டியிருந்தால் கவலையே இல்லை, அதனால் அமிலத்தின் அளவு கூடாது. பியூரெட்டில் தண்ணீர் ஒட்டியிருந்தால் கரைசலே நீர்த்துப்போகும், ஆகவே அதற்கு எதிர்விதி.

அதே சோதனையில் இன்னும் சில. ஆக்சாலிக் அமிலத்தை 60, 70 டிகிரிக்குச் சூடாக்காவிட்டால் முதல் துளிகளின் நிறம் போகவே மறுக்கும். நீர்த்த கந்தக அமிலம் குறைந்தால் பழுப்பாகக் கலங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அங்கே ஊற்றினால் பெர்மாங்கனேட் அதையே ஆக்சிஜனேற்றிக் குளோரினாக்கிவிடும், அளவு கெடும். கரைசல் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் பிறைத்தளத்தின் அடியைப் பார்க்க முடியாது, மேல் விளிம்பைப் படிக்க வேண்டும். அளவைத் துண்டுத் தாளில் குறித்துப் பிறகு நோட்டில் அழகாகப் படியெடுக்காதீர்கள். நேராகப் பேனாவில், நோட்டில். தப்பென்றால் ஒரே கோடு, அடித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்தி கட்டி, இடப்பக்கம் வகுப்பில் வந்த சொல், வலப்பக்கம் உங்கள் தமிழில் அதன் பொருள். அகராதித் தமிழ் வேண்டாம், அப்புச்சிக்குச் சொல்வது போல. ஒரு பருவத்தில் எனக்கு 140 சொல் சேர்ந்தது. அதற்குமேல் புதிதாக அதிகம் வரவில்லை. என்பிடெல் தளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் பாடங்கள் காணொளியாக இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்கு வரும் இடத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் போட்டுப் பார்த்து, பிறகு ஓடவிடுங்கள். விடாமல் பார்த்தால் நல்ல தொடர் பார்த்த திருப்தி வரும், கணக்கு வராது. புத்தகத்தில் தீர்த்துவைத்த கணக்குக்கும் அதேதான்: விடையை மறைத்துவிட்டு நாற்பது நிமிடம் முட்டுங்கள். முதுநிலைப் பொறியியல் படிப்பில் சேர எழுதும் கேட் தேர்வுக்குத் தனியாகப் படிக்க வேண்டியது இதை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு மிகக் குறைவு.

தொழிற்சாலைப் பயிற்சியைச் சான்றிதழுக்காக மட்டும் முடிக்காதீர்கள். எங்கள் காலத்தில் ஓர் ஆலையில் பெண்களுக்குப் பயிற்சி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஒரு சர்க்கரை ஆலையில் இடம் கிடைத்தது. யோசித்தால் அதுவே நல்லதாகப் போயிற்று. போனதும் ஒரே ஒரு குழாயைத் தேர்ந்தெடுங்கள். அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை நடந்து, வழியில் வரும் ஒவ்வொரு வால்வையும் பம்ப்பையும் மானியையும் வரையுங்கள். இந்தியத் தர விதிப்படி நிறம் பூசியிருந்தால் நீருக்குக் கடல்பச்சை, காற்றுக்கு வான்நீலம், நீராவிக்கு அலுமினிய நிறம், அமிலத்துக்கும் காரத்துக்கும் அடர் ஊதா. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல், அந்த வால்வை இருபது ஆண்டுகளாகத் திருப்பிவரும் ஆப்பரேட்டரைக் கேளுங்கள். "அண்ணா, கடைசியாக இது எப்போது தகராறு செய்தது?" என்ற கேள்விக்கு அரை மணி நேரம் பாடம் கிடைக்கும். பருத்தி உடை, மூடிய செருப்பு, பின்னிக் கட்டிய முடி.

அந்த ஆலையில்தான் அப்புச்சியின் கொப்பரை நான்கு பிரம்மாண்டமான கலன்களாக வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். முதல் கலனில் சாறு கொதித்து வரும் ஆவி வானத்துக்குப் போகவில்லை. இரண்டாவது கலனின் குழாய்களுக்குள் நுழைந்து அங்கிருக்கும் சாற்றைக் கொதிக்க வைத்தது. அந்த ஆவி மூன்றாவதற்கு. ஒவ்வொரு கலனிலும் அழுத்தம் முந்தியதைவிடக் குறைவு என்பதால் கொதிநிலையும் குறைவு, ஆகவே முந்தைய கலனின் ஆவியே அடுத்ததற்கு அடுப்பாகப் போதுமானது. ஒரு கிலோ நீராவியைக் கொடுத்து ஏறக்குறைய நான்கு கிலோ தண்ணீரை விரட்டுகிறார்கள். இதற்கு 1843இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் நார்பெர்ட் ரிலியூ, நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்த பொறியாளர். ஆவி எங்கே என்று என் பேராசிரியருக்கு முன்பே கேட்டவர். அப்புச்சியிடம் போய்ச் சொன்னேன். "நான்கு கொப்பரைக்கும் மூடி போட்டால் பதம் எப்படிப் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். அதற்கு மாதிரி எடுக்கும் குழாய் இருக்கிறது என்று மறுநாள் ஆலையில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆபத்தைப் பற்றி ஒன்று. நம் பாடத்திட்டத்தில் கடைசி அலகாக வரும், அதனால் யாரும் படிப்பதில்லை. 2007 டிசம்பர் 19 அன்று ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரு சிறிய வேதித் தொழிற்சாலையின் கலன் வெடித்து 4 பேர் இறந்தார்கள். குளிர்விக்கும் தண்ணீர் நின்றதும் வினை கட்டுமீறியது. விசாரித்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம், கட்டுமீறும் வினைகளைப் பற்றி வேதிப் பொறியியல் மாணவர்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லித்தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வாரியத்தின் விசாரணைப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதம் ஒன்று பாருங்கள். பார்க்கும்போது கையில் நோட்டு இருக்கட்டும். வெப்பநிலை ஏற ஏற, வினை தரும் சூடு வட்டிக்கு வட்டி போலப் பெருகும். குளிர்நீர் எடுத்துப்போகும் சூடு நேர்கோட்டில்தான் ஏறும். கலன் பெரிதானால் இன்னும் மோசம். நீளம் பத்து மடங்கானால் உள்ளே இருப்பது ஆயிரம் மடங்கு, சூடு வெளியேறும் மேற்பரப்பு நூறு மடங்குதான். வீட்டுக் கிண்ணத்து சாம்பார் பத்து நிமிடத்தில் ஆறிவிடுகிறது, கல்யாண அண்டா சாம்பார் பந்தி முடிந்தும் கொதிக்கிறது. சோதனைக்குழாயில் சாதுவாக இருந்த வினையை நம்பி அண்டாவில் போடக்கூடாது என்பதற்குக் காரணம் அதுதான்.

இந்த வாரத்துக்கு ஒரு கணக்கு தருகிறேன். தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் 100 கிலோ கடல்நீர் விடுகிறீர்கள். அதில் 3.5 விழுக்காடு உப்பு. எல்லாமே சாதாரண உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைசலில் 26 விழுக்காடு உப்பு சேர்ந்தால்தான் அதற்குமேல் கரையாமல் படிகமாகத் தொடங்கும். முதல் படிகம் கண்ணில் படுவதற்கு முன் எத்தனை கிலோ தண்ணீர் ஆவியாகியிருக்கும்? பெட்டி, இரண்டு அம்பு, மாறாத பொருள் உப்பு. 3.5ஐ 0.26ஆல் வகுத்தால் மிச்சமிருக்கும் கரைசல் 13.5 கிலோ. ஆவியானது 86.5 கிலோ. இருந்த தண்ணீரே 96.5 கிலோதான், அதில் பத்தில் ஒன்பது பங்கு போகும்வரை பாத்தியில் ஒன்றுமே தெரியாது. தங்கை மகள் இதைப் போட்டு முடித்துவிட்டு, சூரியன் ஒரு நாளில் கொடுக்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள்.